மூஸ், எல்க், மிளா: சேறு காவல் காத்த கதை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மதுரையில் விடாம மழை. எங்க தெருவில் முழங்கால் தண்ணி, கரண்ட் வேற போய் போய் வருது. வெள்ளிக்கிழமை முடிக்க வேண்டிய ஆணி ஒண்ணு பாக்கி இருந்ததால பொட்டியைத் திறந்தேன். கனடாவில் எங்க பிராஜெக்ட்டில் கூட வேலை பார்க்கிற ஒருத்தர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருக்கு ஐம்பது வயசுக்கு மேல. ஊர் நியூஃபவுண்ட்லாந்து தீவு. படத்தில் ஒரு பிக்கப் வண்டி, அச்சு வரைக்கும் சேத்தில் புதைஞ்சு கிடக்கு. மேல பாதி பனி, பாதி மழை. பக்கத்தில் இவர் இடுப்பில் கைவச்சு நிக்கிறார்.

மூஸ் வேட்டைக்குப் போயிருக்கார். அங்க அதுக்கு லைசென்ஸ் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். கிடைச்ச லைசென்ஸை சீசன் முடியறதுக்குள்ள உபயோகிக்கணும். இவருக்கு வேலை, மழை, உடம்பு சரியில்லைனு தள்ளித் தள்ளி, கடைசி நாட்களில் கிளம்பி, மரம் வெட்டற கம்பெனி போட்ட மண் ரோட்டில் மாட்டிக்கிட்டார். வண்டியை இழுத்து வெளிய கொண்டுவர ஒரு பகல் போச்சு. மூஸைக் கண்ணாலகூடப் பார்க்கல. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "உங்க ஊர்ல மூஸ் உண்டா?"

இல்லைனு ஒரு வரி அடிச்சு அனுப்பிட்டேன். அப்புறம் தூக்கம் வரல. அந்தப் பதில் முழுசா சரியில்லைனு தோணுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல பேர் குழப்பத்தைத் தீர்த்துடலாம். வட அமெரிக்காவில் மூஸ்னு சொல்ற அதே மிருகத்துக்கு ஐரோப்பாவில் எல்க்னு பேர். அமெரிக்காவில் எல்க்னு சொன்னா அது வாப்பிட்டிங்கிற வேற மான். இது போதாதுன்னு, நம்ம பக்கம் வந்த வெள்ளைக்காரர்கள் நீலகிரியிலும் இலங்கையிலும் ஒரு பெரிய மானைப் பார்த்து அதுக்கும் எல்க்னு பேர் வச்சுட்டாங்க. ஊட்டியில் எல்க் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருப்பீங்க. அந்த எல்க் இதுதான். இலங்கையில் நுவரெலியா பக்கத்திலும் ஒரு எல்க் சமவெளி இருக்கு. அந்த மான் நம்ம ஆளு. புத்தகத்தில் கடமான், மலையடிவாரத்தில் மிளா, ஈழத்துத் தமிழில் மரை. குறுந்தொகையில் நெல்லிக்காய் தின்கிற மரை ஒண்ணு வரும். ஹிந்தியில் சாம்பர்.

இந்தியாவில் இருக்கிற மான்களிலேயே பெருசு இதுதான். நல்ல ஆண் மிளா 200 முதல் 300 கிலோ வரை வரும். மூஸ் இதில் இரண்டு மடங்கு இருக்கும். ஆனா ராத்திரி மலை ரோட்டில் வளைவு திரும்பும்போது ஒண்ணு முன்னாடி நின்னா, 'இது பாதி மூஸ்தான்'னு யாருக்கும் தோணாது :-)

சரி, கேள்விக்கு வருவோம். மதுரையில் மொட்டை மாடி ஏறினா, மழை விட்ட நாளில் வடமேற்கே பழனி மலை நீலமாத் தெரியும். 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற அந்தப் பீடபூமியில் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருக்கும். மிளாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பகல்ல சோலைக்குள்ள படுக்கும், விடியலிலும் அந்தியிலும் புல்லுக்கு வரும். 1821-ல் லெப்டினன்ட் வார்டு மலையேறி சர்வே செஞ்சார். மதுரையில் காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்களை இழந்துகிட்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் கொடைக்கானலில் முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உருவாக்கினார். டக்ளஸ் ஹாமில்டன்னு ஒரு ராணுவ அதிகாரி, ராணுவத்துக்கு ஆரோக்கியமான இடம் தேடற வேலையாக 1859 முதல் 1862 வரை இந்த மலைகளில் சுத்தினார். படம் வரைஞ்சார், அளந்தார், வேட்டையும் ஆடினார். அவரோட வேட்டைக் குறிப்புகள் 1892-ல் புத்தகமா வந்தது. பேரிஜம் தாண்டி ஹாமில்டன் கோட்டைனு ஒரு இடம் இன்னும் அவர் பேரில் இருக்கு.

துப்பாக்கி இருக்கு, ஆசை இருக்கு, தடுக்கச் சட்டம் கிடையாது. அப்போ மிளா எல்லாம் அன்னைக்கே தீர்ந்து போயிருக்கணுமே? ஏன் போகல?

நான் படிச்ச வரைக்கும் எனக்குக் கிடைச்ச பதில்: மிளாவுக்கு மூணு காவல்காரங்க இருந்தாங்க. மழை, பாதை, ஜுரம்.

முதல் காவல் மழை. 1850கள் வரைக்கும் பெரும்பாலான துப்பாக்கி வாய்வழியா மருந்து கெட்டிக்கிற ரகம். கறுப்பு மருந்து ஈரமானா பிடிக்காது. கொடைக்கானல் பக்கம் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். மழை இல்லாத நாளில் மூடுபனி. பத்தடி தள்ளி நிக்கிறது மிளாவா பாறையானு தெரியாது. ஆண் மிளாவின் கொம்பு நல்லா முத்தி, அது துணை தேடித் திரியறதும் ஏறக்குறைய இதே மாசங்களில்தான். அதாவது வேட்டைக்காரனுக்குக் கொம்பு வேணுங்கிற நேரத்தில் அவனோட மருந்து நனைஞ்சிருக்கும்.

இரண்டாவது காவல் பாதை. மதுரைக்கு ரயில் 1875-ல் வந்தது. இன்னைக்கு நாம கொடை ரோடுனு சொல்ற ஸ்டேஷனுக்கு அப்போ பேர் அம்மையநாயக்கனூர். அங்க இறங்கி சுமார் 50 கிலோமீட்டர், ராத்திரி பூரா மாட்டு வண்டி. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து மேல வண்டி போகாது. ஒண்ணு நடக்கணும், இல்ல குதிரை, இல்லாட்டி நாலு பேர் தோளில் நாற்காலி. அந்தப் பாதைக்குப் பேரே கூலி காட். துரைசானி, பிள்ளைகள், பியானோ, அரிசி மூட்டை எல்லாமே மனுஷன் முதுகில்தான் ஏறிச்சு. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வேட்டைக்குனு மூட்டை முடிச்சோட ஏறணும்னா யோசிச்சுத்தான் ஏறணும். சுட்டாலும் 250 கிலோ மிருகத்தைக் கீழே கொண்டுவர வழியில்லை. கொம்பையும் தோலையும் எடுத்துக்கிட்டு, மீதியை ஆட்களுக்கு விட்டுட்டு வரணும்.

மூணாவது காவல் ஜுரம். மலை உச்சி குளிர், கொசு இல்லை. ஆனா உச்சிக்குப் போகிற வழியில் அடிவாரக் காடு இருக்கே, அது மலேரியாவின் வீடு. மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிறுமலையைத்தான் மிஷனரிகள் முதல்ல பார்த்தாங்க. அந்த உயரம் பத்தல, அங்கேயும் காய்ச்சல் வந்தது. அதனாலதான் பழனி மலைக்குப் போனாங்க. மழை முடிஞ்சதும் அடிவாரத்தில் ராத்திரி தங்கறதுன்னா உயிரைப் பணயம் வைக்கிறது. ஏன்னு அப்போ யாருக்கும் தெரியாது, கெட்ட காத்துனு நினைச்சாங்க. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை 1897-ல் கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ், அதே வருஷம் ஊட்டிக்கு வந்தப்போ சீகூர் காட் பக்கம் ஆராய்ச்சிக்குப் போய் அவருக்கே ஜுரம் வந்துடுச்சு.

இதே கதை கடலுக்கு அந்தப் பக்கமும் நடந்தது. அதே எல்க், அதே மாதிரி மலை. சாமுவேல் பேக்கர்னு ஒருத்தர் 1848-ல் நுவரெலியாவில் குடியேறினார். பின்னாடி ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைத் தேடிப் போனாரே, அவரேதான். இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்கள், ஒரு பசு மாடு, கொல்லர், குதிரைக்காரன்னு ஒரு ஊரையே கொண்டுவந்தார். ரம்பொடை கணவாயில் அவர் குதிரைக்காரன் வண்டியைப் பள்ளத்தில் உருட்டினான். பிறகு அதே மலைப்பாதையில் யானையில் ஏறி, அதை விரட்டோ விரட்டுனு விரட்ட, யானையும் செத்துப்போச்சு. அந்தப் பாதை அப்படி. பேக்கர் துப்பாக்கியை நம்பாம நாய்களை விட்டு மிளாவை ஓடைக்குள் மடக்கி, கத்தியால் குத்தினார். அடர்ந்த ஈரக்காட்டில் துப்பாக்கியால பெருசா பிரயோசனம் இல்லை. 1854-ல் அவர் இதைப் புத்தகமாவே எழுதினார். அதே வருஷங்களில், அதே மலைகளில் காப்பித் தோட்ட வேலைக்காக மதுரை, ராமநாதபுரம் பக்கத்து சனங்க மன்னாரிலிருந்து காட்டு வழியா நடந்தே போனாங்க. பேக்கருக்கு ஒரு வண்டியும் யானையும் போச்சு. இவங்களுக்கு வழியிலேயே உயிர் போச்சு, எத்தனையோ பேருக்கு.

இப்போ அந்த மூணு காவல்காரங்களும் எப்படி வேலையை விட்டாங்கன்னு பார்ப்போம்.

மழைதான் முதல்ல தோத்தது. 1860களிலும் 70களிலும் பின்பக்கம் குண்டு போடுற துப்பாக்கியும் உலோகத் தோட்டாவும் வந்தது. தோட்டாவுக்குள்ள மருந்து பத்திரமா இருக்கு. நனைஞ்ச கையாலயும் சுடலாம்.

அடுத்து ஜுரம். 1860 முதல் நீலகிரியில் சின்கோனா நட ஆரம்பிச்சாங்க. நடுவட்டத்தில் கொயினா தயாரிக்க ஃபாக்டரியே வந்தது. ஜுரம் ஒழியல, ஆனா அதுக்குப் பயந்து திரும்பிப் போகிறவங்க குறைஞ்சாங்க.

கடைசியா பாதை. நீலகிரிக்கு 1830களிலேயே குன்னூர் காட் வந்தாச்சு. மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் போச்சு. நம்ம பக்கம் மேஜர் லா 1870களில் கொடைக்கானலுக்கு ஒரு ரோட்டுக்குத் தடம் பார்த்தார். வேலை இழுத்து இழுத்து 1914-ல்தான் முடிஞ்சது. இன்னைக்கு வத்தலக்குண்டிலிருந்து நாம பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கிட்டே ஏறுற லாஸ் காட் ரோடு அதுதான். பழைய பாதை நாற்காலி தூக்கின தோள்களோட சேர்ந்து மறந்தே போச்சு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். சட்டங்கள் வந்த வருஷத்தைப் பாருங்க. சென்னை மாகாணத்தில் யானையைக் காக்கச் சட்டம் 1873. நீலகிரியில் வேட்டைக்காரர்களே சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சது 1877. அவங்க கேட்டு வாங்கின நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879. லைசென்ஸ், தடைக்காலம்ங்கிற பேச்செல்லாம் இதிலிருந்துதான். சென்னை வனச் சட்டம் 1882. அதாவது தோட்டாவும் ரயிலும் கொயினாவும் வந்த பத்து இருபது வருஷத்துக்குள்ள, 'இப்படியே போனா சுட ஒண்ணும் மிஞ்சாது'னு சுட்டவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. சேறு சும்மா செஞ்சுகிட்டிருந்த வேலையைக் காகிதத்தில் எழுதிச் செய்ய வேண்டி வந்தது.

ஆனா சேறுக்கும் சட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சேத்துக்கு ஆள் பார்த்து வழிவிடத் தெரியாது. சட்டத்துக்குத் தெரியும். துரைக்கு மிளாவின் தடம் காட்டிக் கூட்டிப்போனது மலையில் இருந்த பளியர், புலையர் மாதிரி சனங்கதான். லைசென்ஸ் வச்சிருக்கிற துரையோட போனா அவன் ஷிகாரி. அதே ஆள் அதே காட்டில் தன் பிள்ளைகளுக்காகத் தனியாப் போனா திருட்டு வேட்டைக்காரன். 1882-க்கு அப்புறம் ரிசர்வ் காட்டில் நிலைமை இதுதான்.

இது எனக்கு வெறும் சரித்திரம் இல்லை. எங்க அப்பாவோட அப்பாவுக்கு ஊர் வத்தலக்குண்டு பக்கம். சமவெளியில் வேட்டைன்னா பாரி வேட்டை. அறுவடை முடிஞ்சு, வயல் காஞ்சு, மாசி சிவராத்திரி சமயத்தில் குலதெய்வத்தைக் கும்பிட்டுட்டு ஊர் ஆம்பளைங்க கம்போட கிளம்புவாங்க. கிடைக்கிறது முயல். மழைக்காலத்தில் போகவே மாட்டாங்க. கனடாக்காரர் படத்தைத் தாத்தாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "மழைல மிருகத்தைத் தேடிப் போறவன் கிறுக்கன்டா. மழை நின்னு ரெண்டு மாசம் ஆனா அதுவா தண்ணிக்கு வரப்போகுது" அப்படின்னார்.

அப்புறம் இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணைச் சொன்னார். 1950களின் கடைசி, அவருக்கு இருபது வயசுக்குள்ள. மதுரையிலிருந்து ஒரு பெரிய மனுஷர் ஜீப்பில் வருவார். யுத்தம் முடிஞ்சு ஏலத்தில் விட்ட ஜீப்பு நாடு முழுக்க சுத்தின காலம் அது. ஜீப்பில் பேட்டரி ஸ்பாட்லைட். தாத்தாவும் இன்னும் நாலு பேரும் காடு கலைக்கப் போவாங்க. கூலி ரெண்டு ரூபா, கறியில் ஒரு பங்கு. "வெளிச்சத்தை அடிச்சா மிளா அப்படியே நிக்கும்டா தம்பி. ஓடவே ஓடாது. கண்ணு ரெண்டும் பச்சையா எரியும். அதுல என்னடா வேட்டை இருக்கு?" ரெண்டு வருஷம் போயிருக்கார். அப்புறம் போகலையாம். ஏன்னு கேட்டேன். பதில் சொல்லல. வெத்தலையை மடிச்சு வாயில் போட்டுக்கிட்டார்.

நாலு கால் சக்கரத்திலும் இழுக்கிற ஜீப்புக்கு முன்னாடி சேறு நிக்காது. ஸ்பாட்லைட்டுக்கு முன்னாடி இருட்டும் நிக்காது. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த முதல் இருபது முப்பது வருஷத்தில் இந்தியக் காடுகள் வேகமாக் காலியானதுக்கு இந்த ரெண்டும் பெரிய காரணம். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கடுமையாக் கட்டுப்படுத்தினது. அது வந்திருக்காட்டி பழனி மலையில் இன்னைக்கு மிளாவைப் படத்தில்தான் பார்த்திருப்போம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் ஒண்ணு உறுத்துது. பாரி வேட்டையில் முயல் பிடிச்சதுக்காகத் தாத்தாவோட பங்காளி ஒருத்தர் அபராதம் கட்டியிருக்கார். ஜீப்பில் வந்தவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மிளாக் கொம்பு இருந்ததைத் தாத்தா பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போனப்போ பார்த்திருக்கார். சட்டம் வர்றதுக்கு முன்னாடி சுட்டது, அதனால தப்பில்லை. முயல் சட்டம் வந்த பிறகு, அதனால தப்பு. ரெண்டுமே சரிதான். ஆனா இதைச் சொல்லும்போது தாத்தா சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

நியூஃபவுண்ட்லாந்து கதை வேற. அந்தத் தீவில் ஆதியில் மூஸே கிடையாது. 1904-ல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நாலு மூஸைக் கொண்டுவந்து விட்டாங்க. அங்கிருந்த ஓநாய் கொஞ்ச காலத்தில் அழிஞ்சுபோச்சு. அப்புறம் மூஸ் பெருகி லட்சத்தைத் தாண்டிச்சு. காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் தின்னு தீர்க்குது, ரோட்டில் காரோடு மோதுது. அங்க வேட்டை நடந்தாத்தான் கணக்கு நிக்கும். நம்ம மலையில் மிளாவுக்குப் புலியும் செந்நாயும் இருக்கு. அதனால 'நீங்க வேட்டை ஆடுறீங்க, நாங்க ஆடுறதில்ல'னு அவர்கிட்ட பெருமை பேச எனக்கு ஒண்ணுமில்லை.

இப்போ நம்ம பக்கம் வேட்டை இல்லை. கொடைக்கானல் காடு 2013-ல் சரணாலயமாச்சு. ஆனா நல்ல ரோடு இருக்கு, ராத்திரி பூரா வண்டி ஓடுது. சுடாமலே மிளா சாகுது. அதுக்கு என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா? பந்திப்பூர் வழியா போகிற ரோட்டில் 2009-ல் ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தினாங்க. சத்தியமங்கலம் காட்டு ரோட்டில் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ராத்திரித் தடையை அமல்படுத்தச் சொல்லுச்சு. கோடி கோடியாக் கொட்டி ரோடு போட்டுட்டு, ராத்திரி ஆனா கேட்டைப் பூட்டி, ரோடே இல்லாத மாதிரி பண்றோம். பழைய சேத்தைக் கொஞ்ச மணி நேரத்துக்குத் திரும்பக் கூப்பிடுறோம். காய்கறி லாரிக்காரருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கும் இதில் கஷ்டம் இருக்கு, இல்லைனு சொல்லல. ஆனா அந்தத் தடை ஏன் வேணும்னு இந்த நூத்தம்பது வருஷக் கதையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிஞ்சது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க நாலு பேர் கொடைக்கானலிலிருந்து ராத்திரி இறங்கிக்கிட்டிருந்தோம். பெருமாள்மலை தாண்டி நல்ல மூடுபனி. நண்பன்தான் ஓட்டினான். ஒரு வளைவில் சடன் பிரேக். முன்னாடி ஒரு ஆண் மிளா, நடு ரோட்டில், உடம்பெல்லாம் நனைஞ்சு. ஹெட்லைட்டில் அப்படியே நின்னுச்சு. கண்ணு பச்சையா எரிஞ்சது. தாத்தா சொன்ன கதை அன்னைக்கு எனக்குத் தெரியாது. ஆஹானு செல்ஃபோனைத் தேடினேன். நண்பன் லைட்டை அணைச்சான். அணைச்சு ரெண்டு நொடியில் குளம்புச் சத்தம், அப்புறம் புதர் சலசலப்பு. திரும்ப லைட் போட்டா ரோடு காலி.

கனடாக்காரருக்கு ரெண்டாவதா ஒரு மெயில் அனுப்பினேன். எங்க ஊரில் மூஸ் இல்லை, ஆனா உங்க ஆட்கள் எல்க்னு தப்பாப் பேர் வச்ச ஒண்ணு இருக்கு, அதையும் ரொம்ப நாள் சேறுதான் காப்பாத்திச்சுன்னு. "அப்போ என் வண்டி மாட்டினதில் அந்த மூஸுக்குச் சந்தோஷம்னு சொல்றீங்க" அப்படின்னு பதில் வந்தது :-)

தாத்தாகிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன். அந்த ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஏன் போகலைனு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ பார்க்கலாம், சொன்னார்னா எழுதுறேன்.

உங்க ஊர்ப்பக்கம் இந்த மானுக்கு என்ன பேர்? மிளா, கடமான், மரை தவிர வேற பேர் ஏதாவது இருந்தா சொல்லுங்க. உங்க தாத்தாக்கள்கிட்ட ஜீப் கதை இருந்தாலும் கேட்டு வையுங்க மக்களே. அந்த வயசு ஆட்கள் ரொம்பப் பேர் மிச்சமில்லை.